பாட்டுக்குள் நுழையும் எஞ்சின்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் ஸ்டீரியோ மாட்டும் கடை ஒன்றில் நின்று, “ரேஸ் கொடுத்தா ஸ்பீக்கர்ல விசில் அடிக்குதுண்ணே” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில், “ஒரு ஃபில்டர் போட்டுரலாம் சார்.” தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா அது. உள்ளே ஒரு செம்புக் கம்பிச் சுருளும் ஒரு கண்டென்சரும் இருக்கும். சில வண்டிகளில் அதைப் போட்டதும் விசில் நின்றுவிடும். பல வண்டிகளில் நிற்காது. நிற்காவிட்டால் விலை கூடிய ஆர்சிஏ ஒயர், அதற்கும் மசியாவிட்டால் “ஆம்ப்லயே கோளாறு” என்ற தீர்ப்பு.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. அவர் கற்ற பரிகாரம் ஒரு காலத்து இரைச்சலுக்குச் சரியாகப் பொருந்தியதுதான். கார் ஸ்டீரியோவின் தொண்ணூறு ஆண்டுச் சரித்திரத்தில் இரைச்சலின் மூலம் குறைந்தது இரண்டு முறை மாறியிருக்கிறது: முதலில் ஸ்பார்க் பிளக், பிறகு ஆல்டர்னேட்டர், இப்போது சார்ஜரும் எல்இடியும் பேட்டரி வண்டியின் இன்வெர்ட்டரும். ஒவ்வொன்றும் வேறு வழியாகப் பாட்டுக்குள் நுழைகிறது. எது வந்திருக்கிறது, எந்த வழியாக வந்தது என்று பார்க்காமல் போடும் ஃபில்டர் குருட்டாம்போக்கில்தான் பலிக்கும்.

முதல் வகையின் கதை 1930-இல் தொடங்குகிறது. சிகாகோவில் கேல்வின் சகோதரர்கள் பால், ஜோசப் இருவரும் காருக்கான ரேடியோ ஒன்றைச் செய்து, அதைப் பால் தன் ஸ்டூடிபேக்கர் காரில் மாட்டி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் கூட்டத்துக்கே ஓட்டிச் சென்றார். அந்த ரேடியோவுக்கு வைத்த ‘மோட்டரோலா’ என்ற பெயர்தான் பின்னால் நிறுவனத்துக்கும் நிலைத்தது. பாட்டைப் பிடிப்பது அவர்களுக்குப் பெரிய சவாலாக இல்லை. காரின் சொந்தச் சத்தத்தை அடக்குவதுதான் சவால். ஸ்பார்க் பிளக்கில் பல்லாயிரம் வோல்ட் பாயும்போது எழும் ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ ஒலிபரப்பு. பிளக் ஒயர் அதற்கு ஏரியலாகிவிடுகிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 பொறிகள். மத்திய அலை ரேடியோ அலையின் உயரத்தை வைத்துச் செய்தியைப் படிப்பதால் அத்தனை பொறியும் ‘டப் டப்’ என்று அதில் பதியும்.

இதற்குக் கிடைத்த தீர்வுகள் திடமானவை. பிளக் ஒயரின் செம்பை எடுத்துவிட்டு மின்தடை கொண்ட கரி இழையை வைத்தார்கள். பிளக்கின் உள்ளேயே சுமார் 5 கிலோ ஓம் தடை ஒன்றைப் பொதித்தார்கள். பிளக் எண்ணில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அது தடையுள்ள பிளக். பானெட்டை எஞ்சின் அறையோடு எர்த் பட்டையால் இணைத்தார்கள். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் சென்னை 720, திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ் கேட்டுக்கொண்டு போனவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் செய்தி வாசிப்பவரின் குரலுக்குக் கீழே எஞ்சினும் எதையோ வாசிக்கும். எஃப்எம் வந்ததும் இந்த வகை பெரும்பாலும் ஓய்ந்தது. எஃப்எம் அலையின் உயரத்தைக் கண்டுகொள்வதில்லை, அதிர்வெண்ணின் அசைவை மட்டும் படிக்கிறது. இன்று பெட்ரோல் வண்டியில் ‘டப் டப்’ கேட்டால் முதலில் பார்க்க வேண்டியவை வெடித்த பிளக் ஒயர், தடையில்லாத மாற்று பிளக், ஏரியலின் அடியில் பிடித்த துரு. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. டீசல் காரின் இரைச்சலுக்குப் பிளக் ஒயரை மாற்றச் சொல்பவரிடம் அடுத்த கேள்வி கேட்க வேண்டியதில்லை.

இரண்டாம் வகைதான் கடைகளுக்கு இன்று அதிகம் வருவது. மெக்கானிக்குகள் இன்னும் ‘டைனமோ’ என்று சொல்லும் சாமான் 1960-களிலேயே மாறத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டின் கிரைஸ்லர் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டர் வழக்கமான உறுப்பாகவே வந்தது. முதல் மோட்டரோலா ரேடியோவில் பிளக் சத்தத்தோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவரான எல்மர் வேவரிங்தான் பின்னாளில் கார் ஆல்டர்னேட்டரை உருவாக்கும் வேலையிலும் பங்கு கொண்டார். ஒரு சத்தத்தை அடக்கியவருக்கு அடுத்த சத்தத்தின் பிறப்பிலும் கை இருந்திருக்கிறது!

ஆல்டர்னேட்டர் தருவது மூன்று கட்ட மாறுமின்சாரம். ஆறு டையோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. ஆனால் கிடைப்பது வழுவழுப்பான கோடு அல்ல; மேலே சின்னச் சின்ன அலைகள் இருக்கும். பெரும்பாலான ஆல்டர்னேட்டர் ரோட்டாரில் 12 முனைகள், அதாவது 6 ஜோடிகள். ஒரு ஜோடிக்கு 6 அலை என்றால் ஒரு சுற்றுக்கு 36 அலை. எஞ்சின் 800 சுற்றில் நிற்கும்போது, புல்லி விகிதம் இரண்டரை என்று வைத்தால், ஆல்டர்னேட்டர் 2000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டால் நொடிக்கு 1200 அலை. எஞ்சினை 3000-க்கு ஏற்றினால் 4500. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள்ளேயே இந்த இரண்டு எண்ணும் விழுகின்றன. ரேஸ் கொடுத்தால் விசில் சுருதி ஏறுவதன் முழு விளக்கமும் இவ்வளவுதான்.

பேட்டரி இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும் பெரிய கண்டென்சராக வேலை செய்கிறது. நல்ல வண்டியில் எஞ்சின் ஓடும்போது, மல்டிமீட்டரை ஏசி நிலையில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளந்தால் 100 மில்லிவோல்ட்டுக்குள் காட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஒரு டையோடு போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். விசிலின் குரல் முன்பைவிடத் தடித்து, கூடவே பேட்டரி விளக்கும் மங்கலாக எரிந்தால் சந்தேகம் உறுதி. அப்போது ஸ்டீரியோவைத் தொடாமல் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. டைனமோ காலத்துப் பழக்கத்தில், எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் அந்தக் கணம் மின்னழுத்தம் 100 வோல்ட்டை நெருங்கலாம். ஸ்டீரியோ மட்டுமல்ல, எஞ்சினின் கணினியும் அதோடு போகும்.

டையோடு நன்றாக இருந்தும் விசில் கேட்கிறது என்றால் அலை உள்ளே வரும் வாசலைத் தேட வேண்டும். வாசல்கள் இரண்டு. ஒன்று பாசிட்டிவ் ஒயர், மற்றது எர்த். ஃபில்டர் டப்பா காவல் நிற்பது முதல் வாசலில். கள்வன் வருவதோ பெரும்பாலும் இரண்டாவதில்.

காரில் நெகட்டிவுக்குத் தனி ஒயர் கிடையாது, தகரமே ஒயர். விளக்கு, மின்விசிறி, எரிபொருள் பம்ப், எஞ்சின் கணினி எல்லாம் வாங்கிய மின்சாரத்தை பாடி வழியாகத்தான் திருப்பி அனுப்புகின்றன. பல வயல்களின் வடிகால் ஒரே வாய்க்காலில் சேரும்போது வாய்க்காலின் நீர்மட்டம் இடத்துக்கு இடம் வேறுபடுவதைப்போல, பாடியின் மின்மட்டமும் டாஷ்போர்டில் ஒன்று, டிக்கியில் ஒன்று. எண்ணில் பார்த்தால், 50 ஆம்பியர் மின்சாரம் 2 மில்லிஓம் தடையுள்ள தகர இணைப்பைக் கடந்தாலே 100 மில்லிவோல்ட் வித்தியாசம். அதில் ஒரு சிறு பங்கு, 5 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம், ஆல்டர்னேட்டரின் அலை.

பாட்டைத் தரும் செட்டான ஹெட் யூனிட் டாஷ்போர்டில் எர்த் ஆகியிருக்கிறது, ஆம்ப் டிக்கியில் எர்த் ஆகியிருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ ஒயரின் வெளிச்சல்லடையும் எர்த்தான். பாடி ஒரு பாதை, சல்லடை இன்னொரு பாதை என்று வட்டம் மூடிக்கொள்கிறது. திரும்பிப் போகும் மின்சாரத்தில் கொஞ்சம் சல்லடை வழியாகவும் போகிறது. ஆம்ப் பாட்டை அளப்பது நடுக்கம்பிக்கும் சல்லடைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து. ஆகவே சல்லடையில் ஏறிய 5 மில்லிவோல்ட் அதன் கணக்கில் பாட்டின் பகுதியாகிவிடுகிறது. ஹெட் யூனிட் உச்சத்தில் 2 வோல்ட் தரலாம். ஆனால் வீணை மட்டும் மெல்ல ஒலிக்கும் இடத்தில் அது தருவது 20 மில்லிவோல்ட் அளவுதான். அங்கே 5 மில்லிவோல்ட் விசில் மறைய இடமில்லை. குத்துப்பாட்டில் இந்தக் கோளாறு தெரியாமல் போவதும், மெலடியில் எரிச்சலூட்டுவதும் இதனால்தான்.

இதைப் புரிந்துகொண்டால் சோதனை எளிது. எஞ்சினை ஓடவிட்டு வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். விசில் அப்படியே இருந்தால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் நுழைகிறது: ஆர்சிஏ ஒயர், ஆம்ப், ஆம்பின் எர்த். வால்யூமோடு சேர்ந்து விசிலும் ஏறி இறங்கினால் முன்னால் நுழைகிறது: ரேடியோ, ஆக்ஸ் ஒயர், மொபைல். அடுத்து ஆம்பிலிருந்து ஆர்சிஏ ஒயரைப் பிடுங்கி, ஆம்பின் நுழைவாயிலில் நடுக்கம்பியும் சல்லடையும் ஒன்றாக இணைந்த வெறும் பிளக் ஒன்றைச் செருகுங்கள். அமைதியானால் ஆம்ப் குற்றமற்றது. இன்னும் விசிலடித்தால் ஆம்பின் எர்த்தையோ மின்வரவையோ பார்க்க வேண்டும். பிறகு ஹெட் யூனிட்டின் முறை. ஏரியல் ஒயரைப் பின்னாலிருந்து உருவியதும் சத்தம் நின்றால், ஹெட் யூனிட் தன் சொந்த எர்த்தை விட்டுவிட்டு ஏரியலின் சல்லடை வழியாக எர்த் ஆகிக்கொண்டிருந்தது என்று பொருள். டாஷ்போர்டுக்குள் எங்கோ கருப்பு ஒயர் தளர்ந்திருக்கும். செட்டில் மின்சாரம் இருக்கும்போதே ஆர்சிஏ ஒயரைச் செருகி உருவும் பழக்கமும் ஆபத்தானது. சில செட்களில் ஆர்சிஏ எர்த்துக்காக வைத்த மிகச் சின்ன உள் ஃபியூஸ் அதில் எரிந்துபோகும். அதுவரை இல்லாத விசில் அன்றிலிருந்து நிற்காது. வெளியே எந்த ஒயரை மாற்றினாலும் பலனிருக்காது.

மோட்டார் சத்தங்களை இனம்பிரிப்பதற்குக் காதே போதும். எஞ்சின் வேகத்தோடு மாறாமல் ஒரே சுருதியில் ரீங்கரித்தால் பெட்ரோல் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப். ஏசி மின்விசிறியை ஒன்று, இரண்டு என்று திருப்பும்போது மாறினால் புளோயர். இண்டிகேட்டரோடு ‘டிக்’ என்றால் ரிலே. இவற்றில் எதுவாக இருந்தாலும் ஸ்டீரியோவின் மின்வரவு அந்த மோட்டாரின் ஒயரிலிருந்து எடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். சாவித் துவாரத்துக்கு வரும் ஏதோ ஒரு ஒயரைக் கிள்ளி மாட்டுவது அவசரக் கடைகளின் வழக்கம். பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராக வரும் தனி ஒயர் போட்டால் இந்தச் சத்தம் பெரும்பாலும் அடங்கும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஸ்டீரியோ பக்கம் வைத்தால் நடுவில் ஒயர் உராய்ந்து தீப்பிடிப்பதை அது தடுக்காது.

எர்த்தைச் சரிசெய்யும் வேலை அலுப்பானது. கடைகள் அதைத் தவிர்ப்பதற்கு இந்த அலுப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதில் விற்க எதுவும் இல்லை என்பது மற்றொன்று. ஆம்பின் கருப்பு ஒயர் அதன் சிவப்பு ஒயரின் தடிமனே இருக்க வேண்டும். நீளம் ஒன்றரை அடிக்குள் இருப்பது நல்லது. தகரத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் வெள்ளி தெரியும்வரை தேய்த்து, ஒயரின் முனையில் லக் அழுத்தி, பல் வாஷர் வைத்து போல்ட்டால் இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். கடலோர ஊர்களில் கிரீஸைத் தவிர்த்தால் ஒரு மழைக்காலம் போனதும் பச்சையும் செந்துருவும் பிடித்துப் பழைய விசில் திரும்பிவிடும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் பிடிப்பதை நிறைய வண்டிகளில் பார்க்கலாம். அதில் பெயின்ட்டும் பசையும் இருப்பதால் நல்ல எர்த் கிடைக்காது, உயிர்காக்கும் போல்ட்டைத் தளர்த்துவதும் தவறு. வேலை முடிந்ததும் ஓம் மீட்டரை நம்ப வேண்டாம். சாதாரண மீட்டரால் மில்லிஓமைப் படிக்க முடியாது. பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே டிசி வோல்ட்டை அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. பல சமயம் அந்த அடைப்பு ஆம்பருகே இருக்காது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பட்டையில் இருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பவர் ஒயர் இடப்பக்கமும் ஆர்சிஏ ஒயர் வலப்பக்கமும் போக வேண்டும் என்ற விதி எல்லாக் கடையிலும் கேட்கும். தவறான விதி இல்லை, ஆனால் அதற்குத் தரப்படும் முக்கியத்துவம் அதிகம். எர்த் வட்டம் இருக்கும் வண்டியில் இரண்டு ஒயரையும் பத்தடி பிரித்தாலும் விசில் அப்படியே இருக்கும். சல்லடை தடித்த ஒயர் என்று கூடுதல் பணம் கேட்பதிலும் இதே சிக்கல்: மெல்லிய செம்புச் சல்லடை தாழ்ந்த அதிர்வெண் காந்தப் புலத்தைத் தடுப்பதில்லை. இரண்டு கம்பியையும் முறுக்கி நெய்த ஒயர்தான் அந்த வேலையைச் செய்யும், அதன் விலையும் குறைவு. ஒரு ஃபேரட் கண்டென்சர் என்று மினுமினுக்கும் உருளையை டிக்கியில் நிற்கவைப்பது அழகுக்கு உதவும். ஊஃபர் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குவதை அது ஓரளவு குறைக்கலாம், எர்த் விசிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பொருள் வாங்கித்தான் தீர்க்க வேண்டும் என்ற நிலையில் இரண்டு பொருள்களுக்கு நியாயம் உண்டு. ஒன்று ஆர்சிஏ ஒயரின் நடுவில் வைக்கும் ஐசொலேட்டர். அதற்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் பாட்டைக் காந்தத்தின் வழியே அனுப்பி, சல்லடையை அறுத்துவிடுகிறது. வட்டம் உடைந்ததும் விசில் சட்டென்று நிற்கும். ஆனால் மலிவான டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு சிறியது. ஆழ்ந்த பாஸ் அதில் திணறும். தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனம் குறைந்ததாகத் தோன்றினால் அது கற்பனையாக இருக்காது. இன்னொன்று, சல்லடையையும் நடுக்கம்பியையும் வித்தியாசமாக மட்டும் அளந்து, இரண்டுக்கும் பொதுவாக வந்த அலையைத் தள்ளிவிடும் நுழைவு கொண்ட ஆம்ப். நல்ல ஆம்ப்களில் இது உள்ளேயே இருக்கிறது. புதிதாக ஆம்ப் வாங்குபவர் வாட் எண்ணைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேட்பது நல்லது.

ஆம்பின் கெயின் திருகைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை வால்யூம் என்று எண்ணி முழுக்கத் திருகிவிடுபவர்கள் விசிலோடு ‘உஸ்’ என்ற இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகிறார்கள். ஹெட் யூனிட் 4 வோல்ட் தருவதாக இருந்தால் ஆம்பின் கெயினைப் பாதிக்குக் கீழேயே வைத்துக்கொள்ளலாம், நுழையும் இரைச்சலும் அதே அளவுக்குக் குறையும்.

மூன்றாம் வகை நம் காலத்துடையது. சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகும் மொபைல் சார்ஜர் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க மின்சாரத்தை நொடிக்குப் பல லட்சம் முறை வெட்டுகிறது. வெட்டின் எதிரொலிகள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எஃப்எம் பட்டைக்கும் எட்டும். தொலைவிலிருந்து வரும் மெலிந்த நிலையம் ஒன்று விழுப்புரம் தாண்டியதும் மறைந்துபோனால் தூரத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம். சார்ஜரை உருவிப் பார்க்கலாம். கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒயர் ஓடும் டாஷ்கேமும், மாற்றிப் போட்ட எல்இடி ஹெட்லைட்டும் இதே வேலையைச் செய்கின்றன. ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தால் குற்றவாளி அகப்படும். ஒயரின் மேல் கவ்வும் ஃபெரைட் உருளை இங்கே உதவும், ஏனென்றால் இது மெகாஹெர்ட்ஸ் கணக்கு. அதே உருளையை ஆல்டர்னேட்டர் விசிலுக்குப் போட்டால் ஒன்றும் நடக்காது.

மொபைலைச் சார்ஜரிலும் போட்டு ஆக்ஸ் ஒயரிலும் மாட்டினால் எழும் விசில், பெரிய ஆம்ப் இல்லாத சாதாரண வண்டியிலும் வரும். சார்ஜர் ஒயர் ஒரு எர்த், ஆக்ஸ் ஒயர் இன்னொரு எர்த், நடுவில் மொபைல். டிக்கியில் பார்த்த அதே வட்டம் உள்ளங்கை அளவில் இருக்கிறது. சார்ஜரை எடுத்தால் நின்றுவிடும். புளூடூத்தில் பாட்டு கேட்பவருக்கு இது வராது. ஆனால் பழைய செட்டுக்காக யூஎஸ்பியில் ஓடும் புளூடூத் ரிசீவர் வாங்கி ஆக்ஸில் செருகினால், ஒயரில்லாப் பாட்டிலும் அந்த வட்டம் திரும்பி வந்துவிடும். அழைப்பு வருவதற்கு ஒரு கணம் முன்பு ஸ்பீக்கர் ‘டிட் டிடிட்’ என்று துடித்தது நினைவிருக்கலாம். பழைய 2ஜி மொபைல் நொடிக்கு 217 முறை துண்டு துண்டாக அலை அனுப்பியதன் சத்தம் அது. 4ஜி பரவியதும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதற்காக யாரும் எந்த ஃபில்டரும் போடவில்லை.

கார் கம்பெனிகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகின. வண்டிக்குள்ளிருக்கும் ரேடியோவை அதே வண்டியின் மின்சாதனங்களிடமிருந்து காப்பதற்கென்றே சிஸ்பர் 25 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. கம்பெனியில் பொருத்தி வரும் செட்டில் விசில் அரிதாகவே கேட்பதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், உயர்ரக வண்டிகளில் செம்பே இல்லாமல் போனது. 2001-இல் வந்த பிஎம்டபிள்யூ 7 வரிசையில் ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டு பிளாஸ்டிக் ஒளியிழை வழியாகப் போயிற்று. ஒளிக்கு எர்த் தேவையில்லை. வட்டம் உருவாக வழியே இல்லை. வெளிக்கடையில் மாட்டும் செட்டுக்கு அந்த வசதி இல்லாததால் நாம் இன்னும் சல்லடையோடு போராடுகிறோம்.

பேட்டரி வண்டியில் ஆல்டர்னேட்டரும் இல்லை, பிளக்கும் இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான வோல்ட்டை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டும் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதன் எதிரொலிகள் 530 முதல் 1700 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மத்திய அலையில் நேராக வந்து விழுகின்றன. பிஎம்டபிள்யூ தன் ஐ3 காரிலிருந்தே மத்திய அலையை எடுத்துவிட்டது. ஃபோர்டும் எடுக்கப்போவதாகச் சொன்னபோது, அவசர அறிவிப்புகள் அந்த அலையில்தான் வருகின்றன என்று அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பியது. 2023 மே மாதம் ஃபோர்டு முடிவை மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு காரிலும் மத்திய அலை இருக்க வேண்டும் என்று சட்டமே கொண்டுவர அதே ஆண்டு அங்கே மசோதா தாக்கலானது. இன்வெர்ட்டரைக் கவசத்துக்குள் அடைத்து, ஒயர்களுக்கு ஃபில்டர் போட்டு, மோட்டாரின் எர்த்தை இறுக்கினால் சத்தத்தை அடக்க முடியும். அதற்கு எடையும் செலவும் ஆகும் என்பதுதான் கம்பெனிகளின் வாதம். 1930-இல் ஸ்டூடிபேக்கரை ஓட்டிச் சென்ற பால் கேல்வினுக்கு மத்திய அலை ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்துவிடலாம் என்ற வசதி அவருக்கு இல்லை.